மூன்றாம் பெஞ்சின் முக்காடு

வேதமாணிக்கபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடியாமல் நின்றுபோனது. ஏன் நின்றது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், எப்போது நின்றது என்பதில் மட்டும் யாருக்கும் சண்டையில்லை: அசனத்துக்கு உலை வைத்து, அரிசியைக் களைந்து, ஆட்டுக்கறிக்குள் கத்தரிக்காயை அரிந்து போட்டு, கறி மணம் கோவில் ஜன்னல் வழியாக நுழைந்து ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பார்க்காமல் எல்லாரையும் வதைத்துக்கொண்டிருந்த நேரம், சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக ஐந்து நிமிடம், ஞானசிகாமணி ஐயர் பிரசங்கபீடத்தில் நின்று, "கடைசியாக ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்று மூன்றாம் முறையாகச் சொன்ன நேரம்.

தேரி என்கிற செம்மணல் மேடுகள் சூழ்ந்த அந்தப் பக்கத்து ஊர்களில் சபையின் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவியை ஐயரம்மா என்பார்கள். அசனம் என்பது கோவில் கட்டிய நாளைக் கொண்டாட வருஷத்துக்கு ஒருமுறை ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. ஐயர் பிரசங்கத்தை முடித்து, ஜெபித்து, வெளியே வந்து அண்டாவை ஆசீர்வதித்தால்தான் முதல் இலை போடுவார்கள். ஆகவே ஊர் மொத்தமும் வெறும் வயிற்றோடு பிரசங்கம் கேட்கிற நாள் அது, எந்த ஐயருக்கும் நிறுத்த மனம் வராத நாளும் அதுவேதான்.

ஐயரம்மா தங்கபுஷ்பம் அப்போது கோவிலில் இல்லை. கோவிலுக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் இருந்த ஐயர் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாகப் புருஷனின் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எத்தனையோ சாவு வீடுகளில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவளுக்குத் தெரியாதா? தெரிந்தது. தெரிந்தும், அவள் அன்று கவலைப்பட்டது தன்னுடைய மூச்சைப் பற்றி அல்ல, மூன்றாம் பெஞ்சு காலியாக இருப்பதைப் பற்றித்தான்.

அந்த மூன்றாம் பெஞ்சு விஷயம் ஒரு பழைய ஏற்பாடு. கல்யாணமான புதிதில், ஒரு சின்னக் குடியிருப்புக் கோவிலில் ஞானசிகாமணி முதல்முதலாகப் பிரசங்கம் செய்தார். கைக்குழந்தைகள் அழுது, தூங்கி, எழுந்து, மறுபடியும் அழுகிற வரைக்கும் செய்தார். போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு புதிதாகப் பேச்சை ஆரம்பிக்கிற விருந்தாளியைப் போல, ஒவ்வொரு முறையும் அழகாக முடித்துவிட்டு, முடித்தது பொறுக்காமல் மறுபடி தொடங்கினார். வீட்டுக்கு நடந்து வரும்போது தங்கபுஷ்பம் சொன்னாள்:

"நீங்க முடிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாலு தடவ முடிச்சீங்க."

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியலயே, புஷ்பம்."

"எனக்குத் தெரியுதே. பெறவு என்ன?"

அன்றிலிருந்து அவர்கள் மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சின் நடைபாதை ஓரம் அவளுடைய இடமானது. ஜெபத்துக்கு அழைத்ததும் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போடுவது வழக்கம். தங்கபுஷ்பம் மட்டும், அழைக்கும் முன்பே, பேச்சு எந்த இடத்தில் நிறைந்ததோ அந்த இடத்தில், ஒன்றும் அறியாதவள் போல முக்காட்டைப் போட்டுவிடுவாள். ஐயரம்மாவைப் பார்த்துப் பின் பெஞ்சுக்காரி போடுவாள், அவளைப் பார்த்து அடுத்தவள். கஞ்சி போட்ட சேலைகளின் சரசரப்பு கோவில் முழுக்கப் பரவிப் பிரசங்கபீடம் வரைக்கும் போகும். ஐயர் எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் அதை மடக்கி, "ஜெபிப்போம்" என்பார். ஞானசிகாமணி ஐயர் அளவாகப் பேசுவார் என்று அத்தனை ஊர்களும் புகழ்ந்தன. அவரும் அந்தப் புகழை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டார், வீட்டுக்கு வந்து பாதியை அவளிடம் கொடுத்துவிடுவார்.

அன்று காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர், துணைக்கு இருந்த பக்கத்துவீட்டுத் தையல்காரி ஜெயசீலியிடம், "ஏதாச்சும்னா அந்த ஜன்னலைச் சாத்திரு. எனக்கு அங்கேயிருந்து தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது தங்கபுஷ்பத்தின் மூச்சு ஒரு மேட்டில் ஏறி அப்படியே நின்றது. ஜெயசீலி அழுதுகொண்டே எழுந்து ஜன்னல் கதவில் கையை வைத்தாள். கதவு பாதி சாய்ந்தது. பீடத்தில் நின்றவர் அதைப் பார்த்தார். முடிவுரை நாக்கு நுனியில் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. "இந்த ஆலயத்தின் ஜன்னல்களுக்காக ஸ்தோத்திரம்" என்றார். சாய்ந்த கதவு பாதியில் நின்றது, அவள் மூச்சு பாதியில் நின்றது, கோபுரத்துச் சிலுவைக்குக் கிழக்கே ஒரு முழம் தள்ளிச் சூரியன் நின்றது, வெளியே அண்டாவில் கொதிக்கவிருந்த தண்ணீர் பொட்டுப் பொட்டாகக் குமிழ் விட்டபடி கொதிக்காமல் நின்றது.

முதலில் கடிகாரம்தான் பழுதென்று நினைத்து, மணி அடிக்கிறவரான கோவில்பிள்ளை செல்லையா ஸ்டூல் போட்டு ஏறிச் சாவி கொடுத்தார். அப்புறம் யாரோ வெளியே போய்ப் பனைமரத்தின் நிழலைப் பார்த்துவிட்டு வந்து, நிழலுக்கும் சாவி கொடுக்கச் சொன்னான். அதற்குமேல் ஊர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு போருக்காகச் சூரியன் நின்ற வேதாகமக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள், நடந்தது புதிதல்ல, இடம்தான் புதிது. "அங்க போருக்காவ நின்னுச்சு. நம்ம ஐயருக்கு இப்ப என்ன போரு?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி பசி. அந்தப் பசியும் கூடவில்லை, குறையவில்லை, கறி மணம் வந்த அந்த நேரத்துப் பசியாகவே நின்றது. அதைவிடக் கூடின பசியைத் தாங்கியிருப்போம் என்று பிற்பாடு பலர் சத்தியம் செய்தார்கள்.

பிரசங்கத்தை முடிக்க வைக்கப் பார்க்காமலும் இல்லை. பாடகர் குழு முடிவுப் பாட்டை எடுத்தது, ஐயர் கையை உயர்த்தி அமர்த்திவிட்டு, பாட்டுக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார்கள், அவர் குரல் எப்போதும்போல ஐயர் வீட்டுக் கட்டில் வரைக்கும் போனது. கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஐயர் பேசும்போது கோவில் காலியாக இருக்கக்கூடாது, அது ஊருக்கே அவமானம், ஆகவே தெருவாரியாக முறை வைத்து உட்காருவது என்று முடிவானது. முறை வந்த பெண்கள் பனையோலையைக் கொண்டுவந்து, கேட்டுக்கொண்டே பெட்டி முடைந்தார்கள். பதினொரு மணி பஸ் வரவில்லை, பதினொன்று ஆனால்தானே வரும். பிச்சிப்பூ மொட்டாகவே நின்றது. இரவு இல்லாததால் பனையில் கட்டிய கலயங்களில் பதநீர் சொட்டவில்லை. திங்கட்கிழமை பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் ஐயர் நீடூழி பேச வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். திங்கட்கிழமை மகனைக் குவைத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு தாய், முறை வராதபோதும் கோவிலில் வந்து உட்கார்ந்துகொண்டு, ஐயர் தொண்டையைச் செருமும்போதெல்லாம் பயந்துபோய், "குடைய விட்டுட்டீங்க ஐயா, குடை" என்று எடுத்துக் கொடுத்தாள். ஐயர் குடைக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார்.

ஏனென்றால் அன்றைய பிரசங்கம் நன்றி சொல்வதைப் பற்றியது. மழைக்கும் விளைச்சலுக்கும் கோவில் கட்டின முன்னோர்களுக்கும் நன்றி சொல்லி எப்போதோ தீர்ந்துவிட்டதால், ஐயர் இப்போது பனைக்கும் பனையேறியின் மார்புத் தழும்புக்கும், கிணற்றுக்கும் அதில் கயிறு ஓடுகிற சகடைக்கும், உப்புக்கும் கருப்பட்டிக்கும், வடக்குத்தெரு எருமைக்கும், அது முட்டியும் சாகாமல் பிழைத்த உபதேசியாருக்கும், செருப்பு கடித்த இடத்தில் வைக்கிற தேங்காயெண்ணெய்க்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனார். ஊருக்கு இதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. தன்னுடைய சாமான் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். "எங்க வீட்டு அம்மிக்குச் சொல்லியாச்சு, ஒங்க வீட்டுல?" என்று தெருவில் விசாரித்துக்கொண்டார்கள். சண்டை போட்டுப் பேசாமலிருந்த இரண்டு மச்சினிமார், அவர்களுடைய பொதுச் சுவருக்கு ஐயர் ஸ்தோத்திரம் சொன்னதைக் கேட்டுவிட்டு, சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று அழுதார்கள்.

தங்கபுஷ்பம் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தாள். மூச்சு பாதிதான், வலியும் போகவில்லை, இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் எழுந்து தலையணையில் சாய முடிந்தது, பேச முடிந்தது. தன்னுடைய வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வருவதைக் கேட்டாள். முதல் ஊரில் வாங்கிய தகரப்பெட்டி. மழை ஒழுகிய வீட்டில் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருந்த இரவு. அவள் வாழ்நாளெல்லாம் மாற்றச் சொல்லியும் அவர் மாற்றாத ஓட்டை வாளி.

"பாத்தியா ஜெயசீலி, வாளிக்குச் சொல்லிட்டாவ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. என் பேரு இன்னும் வரல, கவனிச்சியா?" என்றாள்.

"மறந்திருக்க மாட்டாவ அம்மா."

"மறக்கதுக்கா? கடைசிக்கு வச்சிருக்காவ. அதைச் சொல்லிட்டா முடிஞ்சுதுல்லா, அதான் சொல்ல மாட்டேங்காவ."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எந்தப் போருக்காகச் சூரியன் நிற்கிறது என்பது ஊரில் முதலில் புரிந்தது அவளுக்குத்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்? எந்தப் பெண்ணுக்குத்தான் இருக்காது? இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். இத்தனை வருஷமாக அவரை நிறுத்தி நிறுத்தி வைத்தவளுக்கு, அவர் நிறுத்தாமல் பேசுவதைக் கேட்க அன்றுதான் வாய்த்தது.

இப்படியே போயிருக்கும், கமிட்டிக்காரர்கள் அந்தக் கோவில் மணி யோசனைக்குப் போகாமல் இருந்திருந்தால். மணி அடித்தால் ஐயர் திடுக்கிட்டு நிறுத்துவார் என்று யாரோ சொல்ல, செல்லையா போய்க் கயிற்றை இழுத்தார். வேதமாணிக்கபுரத்தில் ஆராதனைக்குக் கூப்பிட்ட மணிக்குப் பிறகு பகலில் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஒரு சாவு. இது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மணி அடிப்பதே தொழிலான செல்லையாவுக்கும் அவரை அனுப்பிய பெரிய மனிதர்களுக்கும் பசியில் அது மறந்துபோனது. ஐயர் மணிக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். முறை வராமல் வீட்டிலிருந்த தெருக்காரர்களோ, ஐயரம்மா போய்விட்டாள் என்று தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு ஐயர் வீட்டுக்குள் கூட்டமாக நுழைந்தார்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் அவர்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, உக்காருங்க. ஏளா ஜெயசீலி, கடுங்காப்பி போடு. என் சாவுக்கு வந்தவங்க வெறும் வாயோட போவக்கூடாது."

அழுகை சிரிப்பாகி, சிரிப்பு மறுபடியும் அழுகையானது. காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லாருக்கும் உறைத்தது. வந்தவர்களை ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லி விசாரித்த தங்கபுஷ்பம், "கோல்டுவின் பொண்டாட்டி ரூபி எங்க? அவளுக்கு இந்த வாரந்தான?" என்று கேட்டாள். கூட்டம் தரையைப் பார்த்தது.

"என்னட்டி, சொல்லுங்க."

ஜெயசீலிதான் சொன்னாள். "காலையிலயே வலி எடுத்துட்டு அம்மா. பிள்ள தலை தெரியுதுன்னு மருத்துவச்சி சொல்லுதா. அப்ப நின்னதுதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல, அந்த வலியிலயே கெடக்கா. கோல்டுவின் கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான், எவ்வளவு ஓட்டியும் தேரிமணல் தீரல, திரும்பிக் கூட்டியாந்துட்டான். ஒங்ககிட்ட யாரும் சொல்லக்கூடாதுன்னு ஊர்ல பேசி வச்சிருக்கு."

"ஏன் சொல்லக்கூடாது?"

பதில் எல்லார் முகத்திலும் இருந்தது. பிரசங்கம் முடிந்தால் யார் வருவார்கள், யார் போவார்கள் என்று, பசி தாங்காத கமிட்டிக்காரர்களைத் தவிர, இதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. தெரிந்துதான் முறை வைத்துப் பெட்டி முடைந்துகொண்டிருந்தது, தெரிந்துதான் குடையையும் அம்மியையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ரூபியே பல்லைக் கடித்துக்கொண்டு, ஐயரம்மாவுக்காக இன்னும் கொஞ்சம் தாங்குவேன் என்று சொல்லியிருந்தாள். மனிதர்கள் மேல் தங்கபுஷ்பத்துக்கு எத்தனையோ தடவை கோபம் வந்திருக்கிறது, அன்று வந்தது போல அன்பும் கோபமும் ஒன்றாக வந்ததில்லை.

"கிறுக்குப் பயபுள்ளைகளா!" என்றாள். "அந்த வெள்ளைச் சேலையை எடு ஜெயசீலி. கோவிலுக்குப் போற சேலை."

பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள். அவள் ரொம்பவும் கனமில்லை. கோவில் வாசலுக்குள் நாற்காலி நுழைந்ததும் ஓலை முடைந்த கைகள் நின்றன. மூன்றாம் பெஞ்சில் ஓலைக்குப்பையைத் தட்டிவிட்டு இடம் செய்தார்கள். நடைபாதை ஓரம், எப்போதும் உட்காருகிற இடத்தில், அவளை உட்கார வைத்தார்கள்.

ஐயர் அவளைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூரையின் ஓடுகளைப் பார்த்துப் பேசினார், வேகமாகப் பேசினார். கத்தரிக்காய்க்கு ஸ்தோத்திரம், கத்தரிக்காயின் காம்புக்கு ஸ்தோத்திரம், ஊசிக்கும் நூலுக்கும், நூல் கோக்க உதவுகிற எச்சிலுக்கும் ஸ்தோத்திரம், ஓடுகளுக்கு ஸ்தோத்திரம், ஓடுகளின் நடுவே கூடு கட்டின குருவிக்கும் அது போடுகிற குப்பைக்கும் ஸ்தோத்திரம். குரல் உடைந்திருந்தது, அங்கி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவர் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறார் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். அவரைத் திட்டலாம் என்றுதான் வந்திருந்தாள், பார்த்தபிறகு மனம் வரவில்லை.

அவர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இத்தனை வருஷமும் அவர் காதால்தானே கேட்டார். தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். கை தோள் வரைக்கும் வந்து நின்றது. ஜெயசீலி உதவக் கையை நீட்டினாள், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இன்னொரு முறை முயன்று, முக்காட்டை நெற்றி வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பின் பெஞ்சுக்காரி அழுதுகொண்டே போட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். ஓலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். குவைத்துக்காரனின் தாய் கடைசி வரைக்கும் போடாமல் இருந்தாள், பக்கத்தில் இருந்த மகனின் முகத்தை ஒருமுறை தடவிவிட்டு அவளும் போட்டாள். கஞ்சி போட்ட சேலைகளின் சரசரப்பு கோவில் முழுக்கப் பரவிப் பிரசங்கபீடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஐயர் நிறுத்தினார். குருவி கத்துவது கேட்டது.

"கடைசியாக..." என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டுக் கேட்டு நம்பிக்கை இழந்திருந்த சபை, அன்று நம்பியது. அவர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி மூன்றாம் பெஞ்சைப் பார்த்தார். "எனக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. தெரிந்த ஒருத்தியை என்னோடு கூட அனுப்பினதற்காக... என் தங்கபுஷ்பத்துக்காக ஸ்தோத்திரம்."

அதோடு பிரசங்கம் நிறைந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் பாக்கி, அது அவருக்கு வரவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து தங்கபுஷ்பம், கொஞ்சம் பொறுமையில்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.

சபை ஆமென் என்றது. கடிகாரம் பதினொன்று அடித்தது. வெளியே அண்டா பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரோ கரண்டியோடு ஓடினார்கள். தேரி வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. நடுத்தெருவில், ரூபியின் வீட்டில், ஒரு குழந்தை, இத்தனை நேரம் தன்னை வாசலில் நிற்க வைத்ததற்கு ஊரையே வைது தீர்ப்பது போல வீறிட்டு அழுதது. "பொம்பளப் புள்ள!" என்று ஒரு குரல் ஓடிவந்தது. ஐயர் படிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கி மூன்றாம் பெஞ்சுக்கு வந்து, அவள் பக்கத்தில், பெண்கள் பக்கத்தில், முதல் முறையாக உட்கார்ந்தார். அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர் அந்த முக்காட்டை விலக்கிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. பசியைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை. செல்லையா மட்டும் தயங்கித் தயங்கி வந்து, ஒருமுறை தப்பாக அடித்த வெட்கம் இன்னும் தீராமல், கயிற்றைத் தடவிய கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஐயா... இப்ப மணி அடிக்கட்டுமா?"

ஞானசிகாமணி ஐயர் தலையை அசைத்தார்.

"அடிங்க செல்லையா. ரொம்ப நேரம் அடிக்காதீங்க, அவளுக்குப் பிடிக்காது."